சின்னராஜுக்கு இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் பண்ணையில் இருந்தவர்கள்:

பிரபா. வயது முப்பத்திமூன்று.

அவளுடைய மகள் இலக்கியா. மூன்றாம் வகுப்பு முடித்து கோடை விடுமுறையில் இருந்தாள்.

பிரபாவின் கணவனுக்கு அக்கா சௌந்திரம். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள்.

மூன்று ஷெட்டில் பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகள்.

பிரபாவின் கணவன் சிவபிரகாஷ் எடப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். வேலைக்கு இருந்த ஒடிசாக்காரப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் மதியமே திருச்செங்கோட்டுக்குச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

சின்னராஜ் இந்தப் பட்டியலில் வரமாட்டான். சின்னராஜ் என்று ஒருவன் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

அவனுடைய செருப்பில் கால் தடம் விழுந்திருந்தது.

செருப்பு முன்வாசல் படிக்கு வலப்பக்கம், எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. பத்தாம் நம்பர், பழுப்பு நிறம், தடித்த ரப்பர் அடி. ஏழு வருஷத்துக்கு முன் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் கால் வைத்ததில்லை. வாரம் ஒருமுறை பிரபா வாசல் கூட்டும்போது அதன்மேல் படிந்த தீவனத் தூசியைத் துணியால் தட்டிவிட்டு, யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனதுபோல லேசாகக் கோணலாக வைப்பாள். அன்றும் அதற்காகத்தான் குனிந்தாள். உள்ளங்கால் படும் இடம் கறுத்து, எண்ணெய் ஏறி, அமுங்கிக் கிடந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. கட்டைவிரல் மற்ற நாலிலிருந்து விலகி நின்றது. குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, ஒருபக்கமாகச் சாய்ந்து நடக்கும் ஆளுக்குத் தேய்வதுபோல. மூக்கருகே கொண்டுபோகாமலே வாடை அடித்தது. நாளெல்லாம் வெயிலில் நடந்த காலின் வாடை.

"நங்கையா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இந்தச் செருப்ப நீங்க போட்டீங்களா?"

சௌந்திரம் முட்டை அட்டைகளை இடுப்பில் அணைத்தபடி வந்து நின்றாள். "எங்காலு ரெண்டும் அதுல ஒண்ணுக்குள்ள போயிரும். நான் எதுக்குப் போடறேன்?"

"அந்த ஒடிசாக்காரன் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பானோ?"

"அவன் காலு கோழிக்காலாட்ட இருக்குது. இத மாட்டினா ரெண்டடி நடந்து குப்புற உழுந்திருவான்." சிரிப்பதற்கு வாயைத் திறந்தவள் செருப்பைக் கிட்டத்தில் பார்த்ததும் சிரிக்கவில்லை. அட்டைகளைக் கீழே வைத்தாள். தொடவில்லை. "அத அப்பிடியே வெய்யி அம்மிணி," என்றாள் கடைசியில். "கை கழுவிக்க."

பண்ணை மல்லசமுத்திரம் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. சுற்றிலும் சோளக்காடு, அதற்கப்பால் கல்லுக்குழி. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் சிவபிரகாஷ் தீவனம் எடுக்க நாமக்கல் போயிருந்த ஒரு மத்தியானம், இரண்டு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தார்கள். குடித்த பிறகும் அவர்கள் போகவில்லை. வீட்டில் ஆம்பளைகள் யாரும் இல்லையா என்று ஒருவன் கேட்டான். அப்போது சௌந்திரம் அசராமல் வீட்டுக்குள் திரும்பி, "சின்னராஜு, எந்திரிச்சு வா, யாரோ வந்திருக்காங்க பாரு," என்று சத்தம் போட்டாள். வந்தவர்கள் செம்பைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் சௌந்திரம் அதே குரலில், "சரி, நீ போ சின்னராஜு," என்றாள்.

இது அவள் கண்டுபிடித்தது இல்லை. அந்தப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு ஆம்பளைகள் மாதக்கணக்கில் வடக்கே போய்விடும் வீடுகள் பல. அந்த வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு ஆள் உண்டு. கொடியில் அவனுக்கு ஒரு சட்டை தொங்கும். வாசலில் ஒரு செருப்பு கிடக்கும். அதற்கு ஒழுங்கும் உண்டு. உயிரோடு இருக்கிறவன் பெயரும் கூடாது, செத்தவன் பெயரும் கூடாது. வாசலில் அந்நியன் நிற்காதபோது கூப்பிடக் கூடாது. கூப்பிட்டவள் தன் வாயாலேயே அனுப்பிவிட வேண்டும். சௌந்திரம் ஏழு வருஷத்தில் பத்துப் பதினைந்து முறை சின்னராஜைக் கூப்பிட்டிருப்பாள். ஒருமுறைகூட அனுப்ப மறந்ததில்லை.

மறந்தவன் சிவபிரகாஷ். மறந்தான் என்று சொல்ல முடியாது, அவனுக்கு இது ஒரு தமாஷ். தை மாதம் இலக்கியாவுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தபோது, மூலையில் கண்ணாடி கீறிய தன் பழைய போனில் ஒரு வீடு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். திரையில் ஒரு வீடு. வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு போட வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், படுக்க வைக்க வேண்டும். சந்தா கட்டினால் வீடு பெரிதாகும், ஆட்கள் வளர்வார்கள், பேசுவார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் பாதி விலை. இவர்கள் நாலு பேர். சிவபிரகாஷ் யோசிக்கவே இல்லை. ஐந்தாவது பெயர்: சின்னராஜ். உறவு: சித்தப்பா. போட்டோ கேட்டது. கொடியில் தொங்கிய நீலக் கட்டம் போட்ட சட்டையையும் வாசலில் கிடந்த செருப்பையும் எடுத்து அனுப்பினான். விளையாட்டு அதற்கு ஒரு முகத்தைத் தானே போட்டுக்கொண்டது.

காய்ச்சல் விட்டது. விளையாட்டு விடவில்லை. நாலு மாதமாக இலக்கியா காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை, போனை வாயருகே வைத்து அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் யாரும் நிற்காதபோது. ஒருநாளும் அவனைப் போகச் சொன்னதில்லை. போகச் சொல்வதற்கு அந்த விளையாட்டில் பொத்தான் இல்லை.

பிரபா கையைக் கழுவிக்கொண்டு இரண்டாம் நம்பர் ஷெட்டுக்குப் போனாள். கத்திரி வெயில் தகரத்தில் இறங்கி, எச்சத்தின் காரமும் தீவனத்தின் புளிப்பும் ஈர இறகின் வாடையும் ஒன்றாகி மூக்கின் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும் நேரம் அது. கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிரைத்தன. ஆனால் சத்தம் இருந்தது. நாலாயிரம் கோழிகள் ஒரு கூரைக்குக் கீழே விடாமல் எழுப்பும் அந்த முனகல் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காதில் விழாது, நின்றால்தான் தெரியும்.

கோழிக்கு ஆள் தெரியும். அதனால்தான் ஷெட்டுக்குள் போகிறவர்கள் எல்லாம் ஒரே காக்கிச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு போவார்கள். புது ஆளோ புது நிறமோ நுழைந்தால் கிட்டத்தில் இருக்கும் கூண்டுகள் முதலில் வாயை மூடிக்கொள்ளும். கழுத்தை நீட்டிப் பார்க்கும். கத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.

அவள் வரிசையின் இந்தக் கோடியில் தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியில் சத்தம் நின்றது.

எல்லாக் கூண்டிலும் இல்லை. அந்தக் கோடியில் ஒரு பத்துப் பதினைந்து கூண்டில் மட்டும். பிறகு அவற்றுக்கு அடுத்த பத்தில் நின்றது, முதல் பத்தில் முனகல் திரும்ப ஆரம்பித்தது. பிறகு அதற்கும் அடுத்த பத்து. ஒரு மனிதன் அவசரமில்லாமல் நடக்கும் வேகத்தில், அந்த அமைதி கூண்டு கூண்டாக அவளை நோக்கி வந்தது. கழுத்துகள் நீண்டன, திரும்பின, கடந்துபோவதைப் பார்த்தன. நடைபாதையில் யாரும் இல்லை. சிமெண்டில் அடுத்தடுத்த வெயில் பட்டைகள் மட்டும். ஒன்று மங்கித் தெளிந்தது. அடுத்தது மங்கித் தெளிந்தது.

அவள் நின்ற இடத்துக்குப் பத்தடி முன்னால் அது நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

வீட்டில் இலக்கியா இருந்தாள்.

பிரபா ஓடவில்லை. ஓடினால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. வேகமாக நடந்தாள். இலக்கியா நடுவறையில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, போனை மடியில் வைத்திருந்தாள். போனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரு கூடப் பேசற?"

"சித்தப்பா கூட."

"போன்ல தான?"

இலக்கியா நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சித்தப்பாவுக்கு போனுக்குள்ள மூச்சு முட்டுதாம்மா," என்றாள். "படுக்கறதுக்கு எடம் பத்தலையாம். காலை மடக்கிட்டே கெடக்கறாராம். நம்மூட்டுல எடம் இருக்குதான்னு கேக்கறாரு. அம்மாவத்தான் கேக்கோணும்னு சொல்லியிருக்கறேன்."

"விளையாட்டுல அப்பிடி எழுதி வந்துச்சா?"

"எழுதல. சொன்னாரு." மகள் காதைச் சொறிந்தாள். "எடம் குடுத்தா என்னையும் கூட்டிட்டுப் படுத்துக்குவாராம். அவருக்குத் தனியாப் படுத்தா தூக்கம் வராதாமா. இத்தனை வருசமாத் தனியாத்தான இருந்தாரு."

பிரபா போனைப் பிடுங்கினாள். மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போவதை, பெரியவர்கள் குழந்தையின் கோபத்தைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தாள்.

பண்ணையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மூன்றாம் நம்பர் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேடை. பிரபா இலக்கியாவைச் சௌந்திரத்தின் கண்ணெதிரில் வாசலில் உட்கார வைத்துவிட்டு அங்கே போனாள். முதலில் தன் போனில் கணவனைக் கூப்பிட்டாள். நாதஸ்வரம், தட்டு விழும் சத்தம், யாரோ ரசம் கேட்கும் சத்தம்.

"ஏனுங்க, அந்த வீடு விளையாட்ட எடுத்துப் போடறேன். சந்தாவ எப்பிடி நிறுத்தறதுன்னு சொல்லுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"இலக்கியா ஒரு மாதிரி பேசறா. செருப்புல கால் தடம் இருக்குதுங்க. ஷெட்டுல..."

"சின்னராஜ் செருப்புலயா?" சிவபிரகாஷ் சிரித்தான். பக்கத்தில் இருந்தவனிடம், "எங்கூட்டுல ஒரு ஆளு இருக்கறான் மாப்ள, சோறு திங்காம வேலை செய்யறவன்," என்றான். பிறகு போனில், "பொம்மைக்குப் போயிப் பயந்துட்டு. சரி, நிறுத்தீரு. உள்ள போனீன்னா சந்தான்னு ஒரு எடம் இருக்கும், ரத்துசெய்னு இருக்கும், அழுத்து. அப்புறம் அன்இன்ஸ்டால் பண்ணீரு. அவ்வளவுதான். நான் பந்தி முடிஞ்சதும் வாரேன்."

"சீக்கிரம் வாங்க."

"வாரேன், வாரேன்."

அவள் பழைய போனில் விளையாட்டைத் திறந்தாள். வீடு திரையில் வந்தது. ஐந்து பேரும் ஒரு கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். நீலக் கட்டச் சட்டை போட்டவன் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தான். முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, திரைக்குள் அடங்குவதற்காகத் தன்னைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

சந்தா. ரத்துசெய்.

நீங்கள் போவதில் எங்களுக்கு மிகவும் வருத்தம், என்று எழுதி வந்தது. நாலு பொம்மைகளின் கண்ணிலிருந்தும் நீலக் கண்ணீர் வழிந்தது. காரணம் கேட்டது. நேரம் இல்லை என்பதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சிக்னல் ஒரு கோடாக இறங்கி, போய், வந்தது. தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தமும், பின்னால் ஷெட்டின் முனகலும், தொலைவில் ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தமும் கேட்டன. அடுத்த பக்கம் வந்தது.

உங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கு வேறு வீடு உள்ளது. சின்னராஜுக்கு வேறு இடம் உள்ளதா?

ஆம். இல்லை.

அவளுக்கு வியர்த்தது. ஆனாலும் உண்மையைத்தான் சொன்னாள். இல்லை என்பதை அழுத்தினாள்.

முதல் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. நீங்கள் போவதில் எங்களுக்கு மிகவும் வருத்தம். திரும்ப நாலு கண்ணீர். திரும்பக் காரணம். திரும்ப அந்தக் கேள்வி. இல்லை. முதல் பக்கம். மூன்றாவது முறையும் அப்படியே. கட்டிலில் இருந்தவன் ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து கொஞ்சம் திரும்பியிருந்தான். இப்போது காது தெரிந்தது. காதுக்குக் கீழே தாடை தெரிந்தது. அது வரைந்த தாடை மாதிரி இல்லை. சவரம் செய்து மூன்று நாளான தாடை.

விளையாட்டை அப்படியே அழித்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். சந்தா நிற்காமல் அழித்தால் உங்கள் வீடு அப்படியே காத்திருக்கும் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. காத்திருக்கும். இலக்கியா எந்தப் போனில் தட்டினாலும் அவன் இருப்பான். மகள் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனாலும் இருப்பான். ஒரேயடியாக வெட்ட வேண்டும். இந்த மாதிரிக் கேள்விகள் எல்லாம் ஆளை நிறுத்தி வைக்கப் போடுவது, எதையாவது அழுத்தித் தாண்டிப் போக வேண்டியதுதான் என்று சிவபிரகாஷ் ஒருமுறை சொல்லியிருந்தான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்.

நாலாவது முறை, ஆம் என்பதை அழுத்தினாள்.

நன்றி. இடம் மாற்றப்படுகிறது.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நிறைந்தது. சிக்னல் இல்லாமலே நிறைந்தது. சந்தா ரத்துசெய்யப்பட்டது. கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. அவள் விளையாட்டிலிருந்து வெளியே வந்து, அதன் படத்தை அழுத்திப் பிடித்து, அன்இன்ஸ்டால் என்பதைத் தொட்டாள். படம் ஒருமுறை நடுங்கிவிட்டு மறைந்தது. அந்த இடத்தில் இலக்கியா பள்ளி ஆண்டு விழாவில் பரதநாட்டிய வேஷத்தில் நிற்கும் போட்டோ மட்டும் இருந்தது.

பிரபா மூச்சை விட்டாள். முடிந்தது. தோள் இரண்டும் இறங்கின. மேடையின் சூடு பாதத்தில் உறைத்தது அப்போதுதான் தெரிந்தது. மணி ஐந்தேகால். சோளக்காட்டின் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம், அதற்குமேல் இல்லை, எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு கோழிகள் நின்றன.

மூன்று ஷெட்டும். பன்னிரண்டாயிரமும். கத்தியால் நறுக்கியதுபோல.

தொட்டியில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. அதற்கு அப்பால், வீட்டுப் பக்கத்திலிருந்து, ரப்பர் செருப்பு குதிகாலில் அடிக்கும் சத்தம். சட். சட். ஒருபக்கமாகச் சாய்ந்து நடக்கிறவனின் நடை. ஒன்று பலமாக, ஒன்று மெல்ல.

அவள் போனில் திரும்ப அந்த விளையாட்டைத் தேடினாள். இன்ஸ்டால். வட்டம் சுற்றியது. மூன்று சதவீதம். பதினொன்று. பத்தொன்பது. நின்றுவிட்டது. போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். பத்தொன்பது. எக்கி நின்றாள். பத்தொன்பது.

"பிரபா." சௌந்திரத்தின் குரல். கத்தவில்லை. கத்தப் பயந்து கூப்பிடும் குரல்.

பிரபா ஓடினாள். இப்போது ஓடினாள். கொடியில் சட்டை இல்லை. இரண்டு கிளிப்பும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வாசற்படிக்கு வலப்பக்கம் செருப்பு இல்லை. சௌந்திரம் வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள். கையில் விளக்குமாறு. அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"ஆரையாச்சும் உள்ள உட்டியா அம்மிணி?"

"இல்லீங் நங்கையா."

"உள்ள ஆரோ தொண்டையச் செருமுனாங்க. ஆம்பளை." சௌந்திரம் விளக்குமாற்றைக் கதவுப் பக்கம் நீட்டினாள். "நாஞ் சொல்லிப் பாத்துட்டேன். சரி, நீ போ சின்னராஜுன்னு மூணு தடவை சொன்னேன். சிரிக்கறான்."

"நீங்கதான கூப்புடுவீங்க. திரும்பச் சொல்லுங்க."

"இந்தத் தடவை நாங் கூப்புடுலியே." கிழவி இல்லை அவள், ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனால் குரல் கிழவியின் குரலாகிவிட்டிருந்தது. "கூப்புட்டது கொழந்தை. அதுதான் போகச் சொல்லோணும்."

"இலக்கியா எங்கீங்க?"

சௌந்திரம் தன் பக்கத்தில், தரையில் பார்த்தாள். குழந்தை உட்கார்ந்திருந்த இடம். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நடுவறை. இல்லை. அடுப்படி. இல்லை. பாத்ரூம். கட்டிலுக்கு அடியில். காலி நாற்காலியின் பிளாஸ்டிக் சூடாக இருந்தது. அறை முழுக்க அந்தக் காலின் வாடை. புழக்கடைக் கதவு திறந்து கிடந்தது.

முட்டை ரூம் வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி தள்ளி இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு. இலக்கியா அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். வெறும் காலோடு. அவசரமில்லாமல். அவளுடைய வலது கை மேலே தூக்கியிருந்தது, உயரமான ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் குழந்தையின் கைபோல. அவள் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, வெளுத்து, நசுங்கியிருந்தன. இறுக்கிப் பிடித்தால்தான் அப்படி ஆகும்.

"இலக்கியா."

குழந்தை நின்றாள். பக்கத்தில் இருந்ததும் நின்றது. புழுதியில் செருப்புத் தடம் இரண்டு, பத்தாம் நம்பர், புதிதாக, ஆழமாக.

"சாமி, இங்க வா. அம்மாகிட்ட வா."

"படுக்கப் போறோம்மா."

"அவனப் போகச் சொல்லு சாமி. சரி, நீ போன்னு சொல்லு. நீ சொன்னாத்தான் போவான். ஒரே ஒருக்காச் சொல்லு தங்கம்." பிரபா ஒவ்வொரு அடியாக வைத்தாள். முப்பதடி. இருபத்தைந்து. கோழிகள் மூன்று ஷெட்டிலிருந்தும் கழுத்தை நீட்டி இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. "உனக்கு என்ன வேணும்னாலும் வாங்கித் தாரேன். சொல்லு."

இலக்கியா தாயைத் திரும்பிப் பார்த்தாள். பயம் இல்லை. கோபமும் இல்லை. புரியாமல் விழிக்கும் சாதாரணக் குழந்தையின் முகம்.

"எதுக்கும்மா போகச் சொல்லோணும்? எடம் இருக்குதுன்னு நீதான சொன்ன."

பிரபா பாய்ந்தாள்.

இரும்புக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே இருட்டு. சுவரோரம் கூரை வரை அடுக்கிய முட்டை அட்டைகள். தரையில், அடுக்குகளுக்கு நடுவே, தீவனச் சாக்குகளை விரித்துப் போட்டிருந்தது. நீளமான படுக்கை. இரண்டு பேருக்கு. குழந்தையின் கை இன்னும் மேலே போனது, கட்டைவிரல் மட்டும் தரையில் படும்படி கால் எழும்பியது, வாசற்படியைத் தாண்டித் தூக்கி உள்ளே வைக்கப்பட்டாள்.

பிரபாவின் விரல் நுனி கவுனின் பின்பக்கத்தைத் தொட்டது. துணி வழுக்கிக்கொண்டு போனது.

கதவு சாத்திக்கொண்டது. அவள் மோதினாள். இரும்பில் முகம். உள்ளே ஒரு முட்டைகூட உடையவில்லை. மூச்சு மட்டும். இரண்டு மூச்சு. ஒன்று சிறியது, வேகமானது. இன்னொன்று நிதானமானது, வெகுநாள் கழித்துக் காலை நீட்டுகிறவனுடையது.

கதவின் உள்தாழ்ப்பாள் ஆறடி உயரத்தில் இருந்தது. இலக்கியாவுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டாலும் எட்டாது.

அது மெதுவாக நகர்ந்து, கடைசி வரை போய், விழுந்தது.